மறுப்புக் கடிதத்துக்கு ஒரு டிக்கெட்

எங்கள் மேனேஜருக்கு வார்னிங் என்றாலே ஆகாது. வார்னிங் அக்காவுக்கு அது இல்லாமல் பொழுது போகாது. இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் பதினோரு வருஷம் உட்கார வைத்தது யார் செய்த குறும்போ தெரியவில்லை.

அறை ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. பஸ் கண்டக்டர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் டிக்கெட் மிஷின்களை அங்கேதான் செய்தோம். சுவர் நெடுக ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக மிஷின்கள் வாரைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கும். ஒரு மூலையில் நான் கம்பிகளைப் பற்றவைப்பேன். ஜன்னல் ஓரத்தில் அக்கா, மிஷினுக்குள் ஓடுகிற நிரலை எழுதுவார். அறையின் நடுவில் மேனேஜர், இரண்டையும் சீக்கிரம் முடிக்கச் சொல்வார்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், இன்னொன்று தலைமேல் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் இந்த வசதி. எங்களிடம் வருவதற்கு முன் டெலிபோன் டைரக்டரி அச்சடிக்கிற இடத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாராம். நாலு லட்சம் நம்பரில் ஒரு நம்பர் மாறியிருந்தால் மூக்கு வேர்த்துவிடும் என்பார். அங்கிருந்த கம்ப்யூட்டரில்தான் நிரல் எழுதவும் தானே கற்றுக்கொண்டார்.

பெயர் வந்த கதை சின்னது. நாம் எழுதும் நிரலை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். மாற்றும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் அது வேலையை நிறுத்தாது, முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புதான் வார்னிங். முணுமுணுப்பை அடக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. அக்காவுக்கு முன்னால் இருந்தவர் அதைச் செய்துவிட்டுப் போயிருந்தார். அக்கா வந்த மூன்றாவது நாள் அடைப்பை எடுத்துவிட்டார். திரை நிரம்பி வழிந்தது. எண்ணிப் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம்.

மேனேஜர் நாற்காலியோடு உருண்டு வந்தார். “என்னம்மா இது? நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்லையே?”

“நேத்து வரைக்கும் வாயைக் கட்டி வெச்சிருந்தீங்க சார்.”

“எதுக்கும்மா அவிழ்த்தீங்க?”

“அது என்ன சொல்லுதுன்னு கேக்கலாமேன்னுதான்.”

அன்றிலிருந்து அவர் வார்னிங் அக்கா. ஒரு வருஷத்தில் நாலாயிரத்தையும் பூஜ்யம் ஆக்கினார். அதற்குப் பிறகு அறையில் ஒரு புது வார்னிங் தலைகாட்டினால் அடுத்த வீட்டுப் பூனை உள்ளே வந்த மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

நான் சொல்லவந்தது அதற்குப் பிறகு நடந்தது. பஸ் கம்பெனி புது மாதிரி மிஷின் கேட்டது. டிக்கெட் விவரத்தை ரகசிய எழுத்தில் பூட்டி அனுப்ப வேண்டும், வழியில் யாரும் கை வைக்கக்கூடாது. இந்த மாதிரிப் பூட்டை யாரும் புதிதாகச் செய்வதில்லை. செய்தவர்கள் மூக்குடைபட்டிருக்கிறார்கள். உலகத்தில் நாலைந்து பேர் சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருந்த ஒரு லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு, கிடைத்தது. அதை இறக்கி, அக்கா தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். கூடவே வந்த நூற்றுத் தொண்ணூற்றாறு சோதனையும் பாஸ். டிக்கெட் மிஷினில் ஓட்டினார். நூற்றுத் தொண்ணூற்றைந்து பாஸ், ஒன்று ஃபெயில்.

ஃபெயிலான சோதனை என்ன என்று பார்த்தோம். சாவி என்று சொல்லி வேண்டுமென்றே குப்பையைக் கொடுப்பார்கள். லைப்ரரி ‘இது சாவியே இல்லை’ என்று விரட்ட வேண்டும். எங்கள் மிஷினில் இருந்த லைப்ரரி விரட்டவில்லை. குப்பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

“ஒண்ணுதானேம்மா?” என்றார் மேனேஜர். “தப்பான சாவியை எவன் போடப்போறான்?”

“பூட்டு வாங்குறதே சாவி இல்லாதவனுக்காகத்தான் சார்” என்றார் அக்கா.

மேனேஜர் ஒரு வாரம் கொடுத்தார். அக்கா முதல் வேலையாக அந்த லைப்ரரியின் வாய்க்கட்டை அவிழ்த்தார். வெளியார் சரக்கு என்பதால் அதற்கு மட்டும் எங்கள் அறையில் வார்னிங்கை மூடி வைத்திருந்தார்கள். முந்நூற்றுப் பதினேழு வந்தன. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். இருநூற்றொன்பதாவதில் நின்றார். கம்பைலர் அங்கே ஒரு வரி சொல்லியிருந்தது: இந்த ஒப்பீடு எப்போதும் பொய்.

“தம்பி, இங்க வா” என்றார். நாற்பது வயதுத் தம்பி நான். போனேன்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு எழுத்தை வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று அந்த நிரல் மொழியில் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்ணை அதில் வைக்கலாமா கூடாதா என்பதை மொழியைச் செய்தவர்கள் முடிவு செய்யாமல், மிஷினுக்கு மிஷின் உங்கள் வசதி என்று விட்டுவிட்டார்கள். லைப்ரரி எழுதியவர், செல்லாத எழுத்து வந்தால் பெட்டியில் மைனஸ் ஒன்று வை என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், பெட்டியில் இருப்பது பூஜ்யத்துக்குக் கீழே என்றால் விரட்டு. அவருடைய கம்ப்யூட்டரில் மைனஸ் ஒன்று மைனஸ் ஒன்றாகவே இருக்கும். எங்கள் மிஷினில் அது இருநூற்று ஐம்பத்தைந்தாகிவிடும். இருநூற்று ஐம்பத்தைந்து எந்தக் காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்? வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்தி, மொட்டை மாடி வழியாக வருபவரை மட்டும் தடு என்று சொல்லிவிட்டுப் போன கதைதான்.

அக்கா ஒரே ஒரு சொல் சேர்த்தார். இந்தப் பெட்டி கீழ் எண்ணும் வைக்கிற பெட்டி என்று தெளிவாகச் சொல்லும் சொல். நூற்றுத் தொண்ணூற்றாறும் பாஸ். எங்கள் மிஷினுக்கு இத்தோடு வேலை முடிந்தது. அக்காவுக்கு முடியவில்லை.

“இதே லைப்ரரியை எத்தனை பேர் எடுத்து, எத்தனை மாதிரி மிஷின்ல போட்டிருப்பாங்க? அவங்க வீட்டுக் கதவும் திறந்துதானே கிடக்கும்?” என்றார்.

லைப்ரரியைப் பராமரிக்கிற பெரியவர் வேறொரு நாட்டில் இருந்தார். அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அந்த ஒரு சொல்லையும் இணைத்து அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. ‘நன்றி. நீங்கள் சொல்லும் இயந்திரம், எங்கள் பட்டியலில் இல்லை. அது எங்களிடமும் இல்லை. கண்ணால் பார்க்காததை எங்களால் சரிசெய்ய இயலாது. முடித்துவைக்கப்படுகிறது.’

அக்கா எந்தக் கோப்பு, எந்த வரி என்று எல்லாம் விளக்கி இரண்டாவது கடிதம் எழுதினார். அதற்கு வந்த பதில்: ‘மேலே பார்க்கவும்.’

மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அக்கா வீட்டுச் சமையலறை மேஜையில், இஸ்திரிப் பெட்டிக்கும் பாத்திரம் காயவைக்கும் தட்டுக்கும் நடுவில் நடந்தது. பார்வையாளர் அவருடைய நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, அதே வீட்டில் இருந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. டாக்டர் இன்னும் வரவில்லை என்பதைப் பதினைந்து வருஷமாக யாருக்கும் கோபம் வராதபடி சொல்லிவந்தவர்.

“அண்ணி, எங்கம்மா இருந்தவரைக்கும் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்தக் குறை உங்களுக்கு இருந்திருக்கும்போல. தேடிப்போய் ஒரு மாமியாரைப் பிடிச்சிருக்கீங்க.”

“அவர் ஆம்பளை.”

“இருக்கட்டுமே. ‘மேலே பார்க்கவும்’னு சொல்ற வாய்க்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?”

அன்று முதல் அந்த வீட்டில் பராமரிப்பாளருக்கு மாமியார் என்றே பெயர். கண்ணாடிக் கடைக்காரர்கூடச் சாப்பிட உட்காரும்போது, “மாமியார் ஏதாவது சொன்னாரா?” என்று கேட்பாராம். இல்லை என்றால் அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார்.

அக்காவுக்கு யோசனை வந்தது எங்கள் மதிய உணவு நேரத்தில். மேனேஜர் வெளியே போயிருந்தார். அக்கா டப்பாவை மூடிவிட்டுத் திடீரென்று எழுந்தார்.

“தம்பி, திருத்தாத மிஷின் ஒண்ணு எடு. புது பேப்பர் ரோல் போடு.”

போட்டேன். சாவியை ஏற்றுக்கொண்டதும் மிஷின் ஒரு சோதனை டிக்கெட் அடித்துக் காட்டும்படி அவரே முன்பு செய்து வைத்திருந்தார். இப்போது மாமியாரின் முதல் கடிதத்தைத் திறந்து, நன்றியில் ஆரம்பித்து நாற்பத்து நாலு எழுத்து வெட்டியெடுத்தார். சாவிக்கு அதுதான் அளவு. அதில் கமாவும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் இருந்தன. சாவியில் வரவே கூடாத சரக்கு எல்லாம். அதை அப்படியே மிஷினுக்குச் சாவியாகக் கொடுத்தார்.

மிஷின் ஒரு வினாடி யோசித்தது. கிர்ரென்று ஒரு டிக்கெட்டைத் துப்பியது: சாவி ஏற்கப்பட்டது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் எங்களுக்குக் கொஞ்சம் புத்தி கெட்டுவிட்டது. தாமதமாக வருபவர்களைப் பற்றி மேனேஜர் போட்டிருந்த சுற்றறிக்கையை அதே அளவுக்கு வெட்டிச் சாவியாகக் கொடுத்தோம். டிக்கெட் வந்தது. கீழே செருப்புக் கடையில் தொங்கிய ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ பலகையை, அளவு சரியாக வரும்படி கடைப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தோம். அதற்கும் வந்தது. ‘மேலே பார்க்கவும்’ என்பதைக் கொடுத்தபோது மட்டும் நீளம் போதாது என்று மறுத்தது. அந்த மட்டில் அதற்கு ரோஷம் இருந்தது.

அக்கா முதல் டிக்கெட்டைப் படம் பிடித்து மாமியாருக்கு அனுப்பினார். முன்பு எழுதிய கடிதங்கள் எல்லோரும் படிக்கிற பொது இடத்தில் போட்டவை. இதை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினார். திறந்து கிடக்கிற கதவை ஊருக்கெல்லாம் தமுக்கடித்துச் சொல்லக்கூடாது என்று. ‘தங்கள் மறுப்புக் கடிதத்தையே சாவியாகக் கொடுத்தேன். எங்கள் இயந்திரம் மரியாதையாக ஏற்றுக்கொண்டு முழு டிக்கெட் ஒன்றும் கொடுத்தது. இதைப் பார்க்க எங்கள் இயந்திரம் தேவையில்லை. உங்கள் கம்பைலரிடம் கீழ்க்கண்ட ஒரு கட்டளையைச் சொன்னால், அந்தப் பெட்டி விஷயத்தில் அதுவும் எங்கள் இயந்திரம் போலவே நடந்துகொள்ளும்.’

அனுப்பிய அரை மணியில் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. குறும்பு செய்தவருக்கே உரிய பயம். அன்று சாயந்திரம் மூன்று தடவை என்னிடம் கேட்டார். “ரொம்ப ஓவராப் போயிடுச்சோ?”

“டிக்கெட் அடிச்சது மிஷின் அக்கா. நீங்க படம்தானே எடுத்தீங்க?” என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

நாலு நாள் பதில் இல்லை. இனி அந்த லைப்ரரி பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். நாத்தனார்தான் தேற்றினாராம். “பெரிய டாக்டருங்க பதில் சொல்லலைன்னா ரெண்டே அர்த்தம்தான் அண்ணி. ஒண்ணு, நோயே இல்ல. இல்லாட்டி, உள்ளே எல்லாரும் ஓடிக்கிட்டு இருக்காங்க.”

ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. அக்கா அதை அச்செடுத்துக்கொண்டு வந்து காட்டினார். ‘என் கடிதத்தின் முதல் வரியில் ஒரு கமா தவறான இடத்தில் இருக்கிறது. உங்கள் இயந்திரம் அதையாவது ஆட்சேபித்திருக்கலாம். நாலு நாளாக மற்ற இடங்களைத் தேடினேன். இதே பிழை இன்னும் பதினேழு இடங்களில் இருக்கிறது. எல்லாம் நான் எழுதியவை. உங்கள் சொல் சரி; சேர்த்துக்கொண்டேன். பதினேழையும் நீங்களே திருத்திக் கொடுத்தால் நன்றி சொல்வேன், இந்த முறை கமா இல்லாமல்.’

அந்தப் பதினேழை முடித்த கையோடு, லைப்ரரியில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமையையும் அக்காவுக்கு அவர் கொடுத்துவிட்டார்.

“பாத்தீங்களா, மருமக கைக்குக் கொத்துச்சாவி வந்துச்சு” என்றார் நாத்தனார்.

கொத்துச்சாவி வந்தால் கூடவே வீட்டு வேலையும் வரும். கம்பைலரின் புதிய பதிப்பு வந்தபோது அக்கா வழக்கம்போல எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். முணுமுணுப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் டைரக்டரி காலத்து மூக்கு வேர்த்தது. வேலை முடிந்ததும், சாவியை வைத்திருந்த இடத்தைப் பூஜ்யங்களால் துடைத்துவிடு என்று லைப்ரரியில் ஒரு வரி இருக்கும். மிச்சம் மீதி யார் கையிலும் கிடைக்கக்கூடாதே. துடைத்த பிறகு அந்த இடத்தைத் திறந்து பார்த்தார். சாவி அப்படியே உட்கார்ந்திருந்தது.

புதுக் கம்பைலர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஜாதி. துடைத்த இடத்தை இவர்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை, பிறகு துடைப்பதில் என்ன லாபம் என்று தானே கணக்குப் போட்டு அந்த வரியையே தூக்கிவிட்டது. அதுவும் ஒரு வார்த்தை சொல்லாமல். அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் அதன் முணுமுணுப்பையெல்லாம் உட்கார்ந்து கேட்டவர் அவர்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் தட்டை அலம்பாமல் வைத்துவிட்டு எழுந்தாராம். கேட்டதற்கு, “காலையில திரும்பவும் அழுக்காகப்போற தட்டுதானே?” என்றார்.

“நீங்களும் புது வெர்ஷனா?” என்று அக்கா கேட்க, விஷயம் தெரியாத அவர், தன்னைப் புகழ்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா கண்டுபிடித்த வழி ஒரு சின்னப் பித்தலாட்டம். இந்த இடத்தை நமக்குத் தெரியாமல் வேறு யாராவது வந்து பார்க்கலாம் என்று கம்பைலரிடம் ஒரு பொய் சொல்லி வைத்தார். மேலதிகாரி வருகிறார் என்றால் ஆபீஸ் தரை தானாகப் பளபளக்கிற மாதிரி, கம்பைலர் பயந்துபோய் ஒழுங்காகத் துடைத்தது. மாமியார் ‘பொய் நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி ஏற்றுக்கொண்டார்.

ஒரு வாரம் சந்தோஷமாகப் போனது. பிறகு ஒரு பல் டாக்டர் கோபமாக எழுதினார். பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவரிடம் இருந்த ஒரு மிஷினுக்கு அவருடைய நர்ஸைவிட வயது அதிகமாம். அதன் கம்பைலருக்கு அக்காவின் பொய் புரியவில்லை. லைப்ரரியே அங்கே உருவாக மறுக்கிறது.

அக்கா அன்று களைப்பில் இருந்தார். மடமடவென்று பதில் தட்டினார். நாத்தனார் துணி மடித்துக்கொண்டே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சத்தமாகப் படித்தார். “நன்றி. அந்த இயந்திரம் எங்கள் பட்டியலில் இல்லை. அது எங்களிடமும்...”

படிப்பதை நிறுத்திவிட்டார். அக்காவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

“சொல்லுங்க அண்ணி. முடித்துவைக்கப்படுகிறதா?”

எனக்கு இதைச் சொல்லும்போதே அக்காவுக்குக் காது சிவந்தது. “தம்பி, என் கை தானா எழுதுது. கொத்துச்சாவி வந்து அஞ்சு மாசம்கூட ஆகல” என்றார்.

எழுதியதை அழித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். நாத்தனார் உட்கார்ந்தார். பதினைந்து வருஷ ரிசப்ஷன் அனுபவம் விரலில் இறங்கியது. ‘ஐயா, உங்கள் கோபத்தை வாங்கிக்கொண்டோம், அது பத்திரமாக இருக்கிறது. இனி எந்த மிஷின், எந்தக் கம்பைலர், அது சொன்ன கடைசி வரி என்ன என்ற மூன்றையும் அனுப்புங்கள். எங்கள் நிபுணர் டீ குடித்ததும் பார்ப்பார்.’

பல் டாக்டர் உருகிப்போய்விட்டார். கேட்ட மூன்றையும் அனுப்பினார். கூடவே தன் மிஷினில் மற்ற இடங்களிலும் தகராறு செய்கிற அறுபத்தோரு விஷயங்களின் பட்டியலையும் அனுப்பினார், அன்பளிப்பாக.

அதற்கப்புறம் லைப்ரரிக்கு வருகிற புகார்க் கடிதங்களுக்கெல்லாம் முதல் பதில் நாத்தனார்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்காருவார். கத்திக்கொண்டு வந்தவர்கள் இரண்டாவது கடிதத்தில் குழைந்தார்கள். யாரோ ஒருவர் தன் மகளின் கல்யாணப் படம்கூட அனுப்பியிருந்தார். மாமியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இருபது வருஷத்தில் தனக்கு வந்த மொத்த நன்றியைவிட இந்த மூன்று மாதத்தில் வந்தது அதிகம் என்று எழுதினார். பராமரிப்பாளர் பட்டியலில் நாத்தனாரையும் சேர்க்க விரும்புவதாகவும், என்ன இயந்திரம் வைத்திருக்கிறார் என்று தெரிவிக்கும்படியும் கேட்டார்.

“போன் ஒண்ணு இருக்கு, அதுல மூணாம் நம்பர் பட்டன் வேலை செய்யலைன்னு எழுதுங்க” என்றார் நாத்தனார். அக்கா அப்படியே எழுதினார். அப்படியே பட்டியலிலும் ஏறியது.

எங்கள் மிஷின்கள் பஸ்ஸுக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ரகசிய எழுத்து வேலையில் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் வெற்றி என்கிறார் அக்கா. அதனால்தான் அதற்கு யாரும் மாலை போடுவதில்லையாம். மேனேஜர் மட்டும், ஒன்றும் நடக்காததற்கு இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டீர்களே என்று இன்னமும் குறைப்படுகிறார்.

பல் டாக்டரின் பட்டியலில் அக்கா முப்பத்தெட்டாவதில் இருக்கிறார். அதற்குள் போன வாரம் கம்பைலரின் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. மதியம் டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, அதில் என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்பவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்குமே, அது இருந்தது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.